நர்ஸம்மா வீட்டுக் கதவு

நர்ஸம்மா பேசப் போன பள்ளிக்கூடங்களில் கைதட்டல் கிடைத்தது, பூங்கொத்து கிடைத்தது, பிஸ்கட்டும் டீயும் கிடைத்தன. "உங்க பேச்சைக் கேட்டு மனசு மாறினேன்" என்று ஒரே ஒரு ஜீவன் வந்து சொல்லாதா என்று ஏங்கிக் கிடந்தார். அது மட்டும் கிடைக்கவில்லை.

காலமெல்லாம் பிரசவ வார்டில் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவர். பேச்சைச் செயற்கைக் கருத்தரிப்பில் ஆரம்பித்து, வென்டிலேட்டரைக் கழற்றலாமா கூடாதா என்று ஒரு சுற்று சுற்றி, கடைசியில் கருவில் இருக்கும் உயிருக்கு வந்து சேர்வார். பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து ரப்பர் சிசுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். எந்த இடத்தில் அவர் தொண்டை அடைக்கும் என்பது புரொஜெக்டர் ஓட்டும் வீட்டுக்காரருக்கு மனப்பாடம். இரண்டு வாக்கியத்துக்கு முன்பே தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிடுவார்.

முடிவில் எல்லாரும் வலது கையைத் தூக்க வேண்டும். "கருவைச் சுமக்கிற யாரையும் நான் கைவிட மாட்டேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அது அடங்கியதும் நர்ஸம்மா குரலைத் தாழ்த்துவார். "யாரும் இல்லைன்னாலும் நான் இருக்கேன். என் வீட்டுக் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்."

"திறந்து வெச்சா கொசுதான் வரும்" என்பார் வீட்டுக்காரர், காரில் திரும்பும்போது.

"உங்க வாயில நல்லதே வராதா?" என்று எரிந்து விழுவார் நர்ஸம்மா.

அந்தக் கதவை ஒரு சாயங்காலம் நிஜமாகவே ஒருத்தி தட்டினாள். போன மாதம் பேசிய பள்ளிக்கூடத்தின் அறிவியல் டீச்சர். அன்றைக்கு மேடையில் பக்கத்தில் நின்று ரப்பர் சிசுக்களைப் பிள்ளைகளிடம் கைமாற்றி விட்டவள். தோளில் ஒரு பை, முகம் பேயறைந்த மாதிரி.

"முழுகாம இருக்கேம்மா. கல்யாணம் ஆகலை. அந்த ஆளு கையை விரிச்சுட்டான்" என்றாள். "கலைச்சுடலாம்னு டாக்டர்கிட்ட நாள்கூட வாங்கிட்டேன். உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் போகலை."

நர்ஸம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆஹா, இத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே! "ஏங்க, இங்க வாங்களேன்! கேட்டீங்களா?" என்று குதிக்காத குறை.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே சொன்னேன்" என்றாள் டீச்சர். "இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. வீட்லயும் படி ஏறாதேன்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வேலையாவது மிஞ்சும்மா."

"இதென்ன பிரமாதம்! நான் சொன்னா அவங்க தட்டவே மாட்டாங்க."

நர்ஸம்மா உடனே போனை எடுத்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். தலைமை ஆசிரியை முதலில் தேனாக ஒழுகினார். விஷயத்துக்கு வந்ததும் குரல் மாறியது.

"உங்க பேச்சு வேற, நிர்வாகம் வேற மேடம். கல்யாணம் ஆகாதவ வயித்தைத் தள்ளிக்கிட்டு பாடம் நடத்தினா பெத்தவங்க சும்மா விடுவாங்களா? நீங்களே சொல்லுங்க. அப்புறம், எங்க நிர்வாகத்துல இன்னும் எட்டு ஸ்கூல் இருக்கு. எல்லாத்துக்கும் உங்களைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். வியாழக்கிழமை முதல் ஸ்கூல்."

எட்டுப் பள்ளிக்கூடம்! பாழாய்ப்போன மனசு உடனே எட்டு மேடையிலும் ஏறி இறங்கிவிட்டது. "நீங்க சொல்றதும் ஒரு வகையில நியாயம்தான்…" என்று நர்ஸம்மாவின் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது.

மூலையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் துடைப்பதை நிறுத்தினார். தண்ணீர் டம்ளரை நர்ஸம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

டம்ளரைப் பார்த்ததும் நர்ஸம்மாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அந்தப் பெண் வாசல்வரை போய்விட்டாள்.

"மேடம், அன்னிக்கு நீங்களும் கையைத் தூக்கினீங்களே" என்றார் போனில். "எல்லாரையும்விட உசரமா."

"அது பிள்ளைங்க தூக்கணும்னு தூக்கினது."

"சரி. வியாழக்கிழமை நான் வர்றேன். பேச்சை நான் பேசறேன். கடைசியில அந்த உறுதிமொழியை மட்டும் நீங்க மேடையேறிச் சொல்லிக் குடுங்க. இந்தப் பொண்ணு முன்வரிசையில உக்காந்து கேட்கட்டும்."

போன் பட்டென்று அறுந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் எட்டுப் பள்ளிக்கூடங்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டன: பரீட்சை நேரமாம். வீட்டுக்காரர் புரொஜெக்டரைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அது இருந்த அறையில் டீச்சருக்குக் கட்டிலைப் போட்டார். பேச்சுக்குக் கூப்பிட்ட மற்ற இடங்களிலும் சேதி பரவி, அழைப்பு அடியோடு நின்றது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். வேலை தேடி அலைந்துவிட்டு வந்த டீச்சர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னால உங்க பேச்செல்லாம் போச்சேம்மா. உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் நர்ஸம்மா வாயெடுத்தார். வரவில்லை.

"வருத்தமா? வயிறு எரியுதுடி. ராத்திரியெல்லாம் அந்த எட்டு ஸ்கூல்தான் கண்ணு முன்னாடி நிக்குது" என்றார். கண் கலங்கியது. இந்தத் தடவை டம்ளரை யாரும் நகர்த்தி வைத்திருக்கவில்லை.

அப்புறம் கையை நீட்டி அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு? உள்ள வந்து கதவைச் சாத்து. கொசு வருது."