நம்ம மூணா, அவங்க மூணா?

"இன்னும் அஞ்சே நிமிஷம், சாமி," என்று தொம்னா மூன்றாவது தடவையாகக் கெஞ்சினாள். பாதிரியார் பெட்டிப் பக்கம் குனிந்தார். அவள் அப்பா பாந்தெலிஸின் முகத்தில் வெள்ளைத் துணியை இழுத்துவிட்டார். சவப்பெட்டியை மூடினார்கள்.

நேற்றுக் காலை படகில் வலை இழுத்துக்கொண்டிருந்த மனுஷன். உட்கார்ந்தார், சாய்ந்தார், அவ்வளவுதான். தொம்னாவுக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை. அண்ணன் ஆர்கிரிஸ் வந்துவிட வேண்டும் என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. ஜெர்மனிக்குப் போய் ஒன்பது வருஷமானவன் ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தான்.

"அப்பா மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும். நான் வராம மூடிடாதீங்க."

"மூணு மணிக்கு அடக்கம். வந்துடுண்ணே."

முக்கால் மணி நேரம் காத்தாகிவிட்டது. ஃபோன் போகவில்லை. "மலைப்பாதையில பனி. மாட்டிக்கிட்டிருப்பான்," என்றார் பெரியப்பா லாம்ப்ரோஸ். பாதிரியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு சாவு.

எல்லோரும் பிடி மண் போட்டார்கள். தொம்னாவும் போட்டுவிட்டுத் திரும்பினாள். கல்லறை மேட்டுக்குக் கீழே, ஏரிக்கரையில், ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது. அதில் சாய்ந்தபடி ஆர்கிரிஸ் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கைக்கடிகாரத்தில் மணி நாலாகப்போகிறது.

கிரீஸில் எங்கள் பிரெஸ்பா ஏரிக்கரையில் நின்றால் ஃபோன் கட்சி மாறிவிடும். அக்கரை அல்பேனியாவின் செல்ஃபோன் டவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னால் காட்டும். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, "நம்ம மூணா, அவங்க மூணா?" என்று கேட்காமல் இங்கே யாரும் கிளம்பமாட்டோம். நேற்று இருந்த இருப்பில் தொம்னா அதைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"கரையிலயா நிக்கிறான்?" என்றார் லாம்ப்ரோஸ்.

ஆர்கிரிஸ் அப்பா எதிரில் சிகரெட் பிடித்ததே இல்லை. அதை மிதித்து அணைத்தான். கண்ணாடியில் பார்த்து டையைச் சரிசெய்தான். பூங்கொத்தை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மேடேறினான். தொம்னா அவனை நோக்கி இரண்டடி வைத்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது.

"பயந்துக்கிட்டே வந்தேன் தொம்னா. நல்லவேள, நேரம் இருக்கு," என்று அவளைக் கட்டிக்கொண்டான். தலையை நிமிர்த்தி, கல்லறைக்குப் பக்கத்து மாதா கோயில் கதவைப் பார்த்தான். "அப்பா உள்ளதான இருக்காரு?"

குழி வெட்டியவர் மண்வெட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.