கூரையில் ஒட்டிய சிவப்பு வட்டம்

எங்கள் கார் கொட்டகையில் கார் நின்று நான் பார்த்ததில்லை. அங்கே இருப்பது பளு தூக்கும் கம்பி, இரும்புத் தட்டுகள், அக்கா. கம்பியைத் தோளில் வைத்து அவள் உட்கார்ந்து எழும்போது பார்ப்பதற்கென்றே அப்பா கூரையில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தார்.

“மேல பாரு. தலை குனிஞ்சா முதுகும் குனியும்” என்பார். அவரும் அப்படித்தான் தூக்கிப் பதக்கம் வாங்கினாராம்.

நான் பள்ளியை விட்டு நின்றதிலிருந்து தட்டு மாட்டுவதும் பக்கத்தில் காவல் நிற்பதும் என் வேலை. அப்பா எதிரே நின்று அவள் முழங்காலைக் கவனிப்பார். பக்கவாட்டில் நிற்கிற எனக்குத்தான் பிடரி தெரியும். அவள் அண்ணாந்ததும் கம்பிக்கு மேலே கழுத்து, மடித்த ரப்பர் குழாய் மாதிரி மடங்கும்.

கொஞ்ச நாளாக அக்காவின் கையிலிருந்து டம்ளர் நழுவிக்கொண்டிருந்தது.

“சுண்டு விரல் மரத்துப்போகுதுடி. ஞாயித்துக்கிழமை அணித் தேர்வு முடியற வரைக்கும் அப்பாகிட்ட மூச்சு விடாத. நீதான் ஊமைக்கோட்டானாச்சே.”

“கழுத்து மடங்குதுக்கா. நேரா வச்சுப் பாரேன்.”

“அட, பேசிட்டாளே! நேரான்னா எப்படி?”

ஒரு பந்தை அவள் தாடைக்கும் தொண்டைக்கும் இடையில் வைத்தேன். “இது விழவும் கூடாது, நசுங்கவும் கூடாது. கண்ணு முன்னால தரையில, கொஞ்சம் தள்ளி.”

வெறும் கம்பியோடு உட்கார்ந்து எழுந்தாள். தலையும் முதுகும் ஒரே கோட்டில் வந்தன. “விரல் மரக்கலடி!” என்று சிரித்தாள்.

மாலையில் அப்பா வந்ததும் எடையைக் கூட்டச் சொன்னார். அக்கா தரையைப் பார்த்தபடி இறங்கினாள்.

“கீழ என்ன, தோட்டைத் தொலைச்சிட்டியா? மேல பாரு!”

சொல்லிடு அக்கா என்று மனதுக்குள் கத்தினேன். அவள் அண்ணாந்தாள். எழும் வழியில் இடது கைப் பிடி விட்டது. கம்பி சரிந்து தாங்கு சட்டத்தில் மோத, கொட்டகையே அதிர்ந்தது. அவள் தவழ்ந்து வெளியே வந்தாள்.

“ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?” என்று அப்பா அவளிடம் கத்தினார்.

“அவளுக்கு விரல் மரத்துப்போகுதுப்பா” என்றேன். “அண்ணாந்தாதான்.”

“போட்டுக் குடுத்துட்டல்ல” என்று அக்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்பா அவள் இடது கையை எடுத்துச் சுண்டு விரலைக் கிள்ளினார். அவள் திரும்பவில்லை. நகம் பதியக் கிள்ளினார்.

“வலிக்குதா?”

“எது?”

அப்பா அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

“ஞாயித்துக்கிழமை போக வேணாம். காலையில டாக்டரைப் பாப்போம்.”

“அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்ப்பா.”

அவர் பெஞ்சின் மேல் ஏறி வட்டத்தைப் பிய்த்தார். பாதிதான் வந்தது. நான் தட்டுகளைக் கழற்றத் தொடங்கினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து, கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த மீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாந்து பாக்காதக்கா” என்றேன்.

அவள் தலையை இறக்கவே இல்லை.