நடுவர் குனியும்போது

பல்லைப் பார்ப்பதற்காக நடுவர் குனிந்ததும் கடுகு வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டிவிட்டது. நாய்க் கண்காட்சிப் போட்டிக்கு வந்திருந்த பதினொரு மாதக் குட்டி. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கிப் போனதால் அந்தப் பெயர். இப்போது முட்டிக்கு மேல் உயரம், எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் பழுப்பு ரோமம். அது வளையத்துக்குள் ஓடி வந்த அழகைப் பார்த்து வேலியோரம் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எல்லாம் அந்த ஒரு நொடியில் போயிற்று. நடுவரம்மா மறுபடி கை நீட்டினார். கடுகு, கயிற்றைப் பிடித்திருந்தவளின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அவர் அட்டையில் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்த நாயிடம் நகர்ந்தார்.

கயிற்றைப் பிடித்திருந்தவள் மனைவி. வேலிக்கு வெளியே பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தவர் கணவர். வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரி அவர். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் பொருமிக்கொண்டே வந்தார்.

"அந்தம்மா என்ன கடிச்சா தின்னப் போறாங்க? பல்லத்தான பாக்க வந்தாங்க!"

"வந்த விதத்தப் பாத்தீங்கல்ல? வாயத் தொறக்கல. கையில அட்டை. மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை. அப்புறம் நேரா மூஞ்சிக்குக் கை." மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

அந்தப் பேச்சு அவருக்கு முள்ளாய்த் தைத்துக்கொண்டது. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: நடுவர் மாதிரி வந்தால்தானே பயம்? அந்த மாதிரியே தினமும் வந்தால் பழகிப்போகும்.

மறுநாளே தொடங்கினார். ஆபீஸ் கோட்டை மாட்டிக்கொண்டார், அட்டையைக் கையில் எடுத்தார், வாயை இறுக்க மூடிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்ற கடுகை நோக்கி விறைப்பாக நடந்தார். காலையில் மூன்று முறை, மாலையில் நான்கு முறை. முதல் நாள் அது விளையாட்டென்று நினைத்து வாலாட்டியது. இரண்டாம் நாள் காதை மடக்கியது. ஐந்தாம் நாள் மாலை அவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, வழக்கமாகப் பாய்ந்து வந்து செருப்பைக் கவ்வும் கடுகு வரவில்லை. சோபாவுக்கு அடியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"கடுகு, நான்தாண்டி," என்றார். அது இன்னும் உள்ளே தள்ளிப் படுத்தது.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடையோ நடை. மனைவி பார்த்துப் பார்த்துச் சலித்துத் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருப்பவள். நாக்கில் நரம்பில்லாதவள் என்று அத்தானே சொல்வார். வந்தவள் கோட்டையும் அட்டையையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அத்தான், நீங்க பழக்கல. பரீட்சை வச்சிருக்கீங்க. தினமும் ஏழு தடவ வச்சு ஏழு தடவையும் ஃபெயிலாக்கியிருக்கீங்க."

"பின்ன என்ன பண்றதாம்?"

"முதல்ல அந்தக் கோட்டக் கழட்டுங்க."

அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் கையை நீட்டினாள். கடுகு வந்து முகர்ந்தது. வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. அடுத்து நெஞ்சில் ஒரு தடவல், ஒரு துண்டு. உதட்டை லேசாகத் தூக்கிவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டாள். "அவ்வளவுதான். இன்னும் வேணும்னு அவ கேக்கும்போதே நிறுத்திடணும். அப்புறம் புது ஆளுங்க வேணும். நிறையப் பேர். குட்டை, நெட்டை, தாடி, கண்ணாடி, எல்லா ரகமும்."

நிறையப் புது ஆட்களுக்கு அவர் எங்கே போவார்? யோசித்தபோது சிரிப்பு வந்தது. பரீட்சைக்கு வருகிறவர்கள் உட்காரும் நீண்ட அறை அவர் அலுவலகத்திலேயே இருந்தது. தினமும் நாற்பது புதுமுகங்கள், அத்தனையும் வெளிறிய முகங்கள். மேலதிகாரியிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டார். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் என்று கிடைத்தது. மனைவி கடுகைக் கூட்டி வருவாள்.

முதலில் கையை நீட்டியது, மூன்று முறை தோற்றுப் போய் நான்காவது முறைக்கு வந்திருந்த ஒரு தையல்காரம்மா. கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடுகும் நடுங்கிக்கொண்டிருந்தது. "நீயுமா?" என்றாள் அவள். ஈரல் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பேசாமல் இருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து நாயின் தாடை அவள் மணிக்கட்டில் இருந்தது. தையல்காரம்மா அன்றைக்கும் கம்பத்தில் இடித்துவிட்டுத் தோற்றாள் என்பது வேறு விஷயம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் நாய் என்னிக்கு வரும் சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆறு வாரத்தில் நூறு பேருக்கு மேல் கடுகின் பல்லைப் பார்த்துவிட்டார்கள். வீட்டிலும் ஒரு நாள், அவர் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கையில், அது தானாக வந்து தாளின் ஓரத்தைக் கிழித்தது. அவர் திட்டவில்லை. இன்னொரு பக்கத்தையும் கிழிக்கக் கொடுத்தார்.

அடுத்த போட்டிக்கு வந்த நடுவர் தலையில் அகலமான தொப்பி. அதைப் பார்த்ததும் கணவர் வேலியை எட்டிப் பிடித்தார். தாடி பார்த்தாயிற்று, கண்ணாடி பார்த்தாயிற்று, தொப்பியை யார் நினைத்தார்கள்? வளையத்துக்குள் ஓடிப்போய்க் கழற்றச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. மச்சினி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அசையாதீங்க அத்தான்."

நடுவர் குனிந்தார். தொப்பியின் நிழல் கடுகின் முகத்தில் விழுந்தது. காது மடங்கியது. பின்னங்கால் ஒன்று ஓர் அடி பின்னால் போனது. மனைவி கயிற்றை இழுக்கவில்லை, தளர்த்திவிட்டுக் காத்திருந்தாள். நடுவரும் கையை நீட்டியபடி காத்திருந்தார். கடுகு கழுத்தை நீட்டி அந்தக் கையை முகர்ந்தது. ஈரல் இல்லை என்று தெரிந்தும் நகரவில்லை. நடுவர் அதன் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், தோளைத் தடவினார், முதுகில் கை ஓட்டினார். முடிந்தது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அது நிமிர்ந்து நின்றது.

ஆறு நாய்களில் நான்காவது இடம். "நடை நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் வளரட்டும்," என்றார் நடுவர்.

வண்டி நிறுத்துமிடத்தில் கணவர் சாவியைப் பூட்டில் நுழைக்க முயன்றார், நுழையவில்லை. பார்வை இன்னும் வளையத்தின் பக்கமே இருந்தது. மனைவி சாவியை வாங்கிக்கொண்டாள். மச்சினி முன்னால் ஏறினாள். அவர் பின்னிருக்கையில் கடுகோடு உட்கார்ந்தார். அது அவர் மடியில் பாதி, இருக்கையில் பாதியாக விழுந்து கண்ணை மூடிக்கொண்டது. வண்டி திரும்பிச் சாலைக்கு ஏறியது.

"சிக்னல் போடல நீ," என்றார்.

"மார்க்கக் கொறச்சுக்கோங்க," என்றாள் மனைவி.