ஹாத்தார்னுக்குக் கிடைத்த வீடு

அமெரிக்காவின் டக்கோட்டாவில் எங்கள் ராணுவக் கோட்டையில் பதவிப்படிதான் வீடு. மேல்பதவிக்காரன் வந்து ஒரு வீட்டைக் காட்டிவிட்டால், கீழ்ப்பதவிக்காரன் பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும். இந்தப் பாழாய்ப்போன சட்டத்தை எழுதியவன் ஒருநாளும் கட்டில் தூக்கியிருக்கமாட்டான். தூக்கியவன் நான். பெயர் டியர்னி, லெப்டினன்ட் லைமன் ஹாத்தார்னுக்கு எடுபிடிச் சிப்பாய்.

உள்நாட்டுப் போரில் காலில் குண்டு வாங்கியவர் அவர். அதற்கு மேஜர் என்று வெறும் பட்டம் கொடுத்தார்கள். சம்பளமும் வீடும் லெப்டினன்டுக்கானவைதான். ரெஜிமென்டில் மேலே இருப்பவர் செத்தாலோ ஓய்வுபெற்றாலோதான் பதவி உயரும். பதினெட்டு வருஷம் ஒருத்தரும் வழிவிடவில்லை. வீடு வீடாகத் துரத்தப்பட்டு, கடைசியில் கூரை இடுக்கில் பனி கொட்டும் மரக்கட்டை அறை ஒன்றில் வந்து விழுந்தோம். அவர் மனைவி அடீலியா அம்மா இருமி இருமி எலும்பாகிப் போனார்.

"கேப்டன் ஆயிட்டா உன்னை நல்ல வீட்டுல வெப்பேன், அடீலியா" என்பார் அவர். அதை நம்பித்தான் அந்த அம்மா உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு கேப்டன் குடித்தே செத்தார். பதவி வந்ததும் ஹாத்தார்ன் காட்டியது லெப்டினன்ட் வூர்ஹீஸின் வீட்டை. வூர்ஹீஸின் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

"பச்சை உடம்புக்காரி ஐயா. பனி உருகட்டுமே" என்றேன் நான்.

"எனக்கு எவன்டா பனி உருகற வரைக்கும் பொறுத்தான்? தூக்கு கட்டிலை!"

தூக்கினேன். தாயும் பிள்ளையும் நடுங்கிக்கொண்டே எங்கள் பழைய அறைக்கு வந்தார்கள். அடீலியா அம்மா எழுந்து, அடுப்போரம் தன் நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்காரவைத்தார்.

"வா அடீலியா, போகலாம்" என்றார் ஹாத்தார்ன்.

"நீங்க போங்க. நான் இவளைப் பாத்துக்கறேன்."

"உனக்காகத்தானே இவ்வளவும்!"

"நம்மளைத் துரத்தினவங்களை எல்லாம் வயிறெரிஞ்சு திட்டினேன் லைமன். இப்ப உங்களையும் திட்ட வெக்காதீங்க."

அவர் தனியாகப் போனார். எனக்குத் துளியும் பரிதாபம் வரவில்லை.

மார்ச்சில் அந்த அறையிலேயே அடீலியா அம்மாவின் மூச்சு நின்றது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அடக்கம் முடிந்ததும் ஹாத்தார்ன் வூர்ஹீஸின் மனைவியிடம் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"வீட்டை நீங்களே எடுத்துக்குங்கம்மா."

"வேண்டாம் கேப்டன். அவங்க இருந்த இடம் எங்களுக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.