கை படாமல்

மதிவாணனுக்கும் கடலுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. மெர்சிங் ஆற்றின் வாயைத் தாண்டிப் படகு முதல் அலையில் ஏறி இறங்கியதுமே அவன் வயிறு தனி வழி போகத் தொடங்கிவிடும். அப்படியிருந்தும் அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் அவன் ரூபேந்திரனின் படகில் ஏறினான் என்றால், அதற்கு ஒரே காரணம் அவன் மனைவி பிரவீனாதான்.

பிரவீனா தூண்டில்காரி. தம்போய் வட்டாரத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்ப்பது அரிது. கெலாங் பாத்தாவில் ஏர்கான் பட்டறை வைத்திருக்கும் ரூபேந்திரனும், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் குணாளனும் அவளுடைய மீன்பிடிக் கூட்டாளிகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நட்பு. அவளுடைய தூண்டிலில் தெங்கிரி என்கிற வஞ்சிரம் விழுந்திருக்கிறது, ஆளுயரப் பாறைமீன் விழுந்திருக்கிறது. விழாதது மயில்மீன் ஒன்றுதான். முதுகில் பாய் விரித்ததுபோலத் துடுப்பும், ஈட்டிபோல மூக்கும் கொண்ட அந்த மீனை மெர்சிங் பக்கம் லாயாரான் என்பார்கள். கடலில் அதைவிட வேகமாக ஓடுவது எதுவுமில்லை என்று அவள் சொல்லும்போது, அவளே ஓடி வந்தவள்போல மூச்சு வாங்குவாள்.

போன வருடம் அவள் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு மோட்டார்சைக்கிளில் போகும் வழியில் ஒரு லாரி இடித்துத் தள்ளியது. வலது தோள் நொறுங்கிப்போனது. உள்ளே தகடு வைத்துத் தைத்த டாக்டர், “சோறாக்கலாம், துணி மடிக்கலாம். கனமா ஒண்ணும் தூக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார். பிரவீனா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் கிடந்த காலி வாளியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றித் தூக்கினாள். குவளைக்குக் குவளை கூட்டிக் கூட்டி, வாளி நிறைந்து தளும்புகிற நாள்வரை அவள் விடவில்லை. மதிவாணன் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பான். உள்ளே வாளி தரையில் இறங்கும் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு மூச்சு வரும்.

இன்னும் சில வாரங்களில் பருவமழை இறங்கிவிடும். பிறகு மார்ச்சுவரை அந்தப் பக்கத்துக் கடலில் சின்னப் படகுகள் கால் வைக்க முடியாது. அதற்குள் ஒரு மயில்மீன், தன் கையால், தனியாக. அதுதான் பிரவீனாவுக்கு வேண்டியிருந்தது.

‘தனியாக’ என்றால் ரூபேந்திரனின் படகில் அதற்குச் சட்டமே உண்டு. மீன் தூண்டில்முள்ளில் மாட்டியதிலிருந்து படகின் ஓரத்துக்கு வரும்வரை, பிடிக்கிறவரைத் தவிர வேறு யார் கையும் தூண்டில்கோலிலோ, ரீலிலோ, நூலிலோ படக்கூடாது. பட்டால் அது யாருடைய மீனும் இல்லை. உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்பான். பிடித்த மயில்மீனை உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிடுவதும் அங்கே வழக்கம். ஒருமுறை குணாளன் மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் கழற்றி வைத்த தொப்பி காற்றில் பறந்து வந்து நூலில் விழுந்தது. அதை எடுத்துவிடக்கூட ரூபேந்திரன் சம்மதிக்கவில்லை.

“டேய் மதி, நீ அந்தப் பக்கமா போய் உக்காரு,” என்றான் குணாளன், கடல் நடுவில் தீவுகள் தெரியத் தொடங்கியபோது. “பொண்டாட்டிக்கு ஹெல்ப் பண்றேன்னு கைய கிய்ய வச்ச, உன்னையே முள்ளுல குத்தி விட்டுருவான் ரூபேன்.”

“நான் ஏன்டா தொடப்போறேன்?”

“உன் மூஞ்சிய பாத்தா தொடுற மூஞ்சியாத்தான் இருக்கு லா.”

உண்மையில் மதிவாணனின் கைகள் துறுதுறுத்துக்கொண்டுதான் இருந்தன. டயர் கடையில் லாரிச் சக்கரங்களைப் புரட்டும் கைகள் அவை. அவன் மடிமேல் வெறுமனே கிடப்பது அவற்றுக்கே பிடிக்கவில்லை.

இறகு கட்டிய சின்ன முள்களை இறக்கி இரைமீன் பிடித்து, தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு விட்டார்கள். பெமாங்கில் தீவுக்கு வெளியே, பறவைகள் தாழப் பறந்த இடத்தில் ரூபேந்திரன் எஞ்சினை நிறுத்தினான். பிரவீனா இரைமீனின் முதுகில் முள்ளை ஏற்றித் தண்ணீரில் விட்டாள். நூலில் கட்டிய சிவப்பு பலூன் அலைமேல் மிதந்தது.

மிதந்தது, மிதந்துகொண்டே இருந்தது. பறவைகள் போய்விட்டன. வெயில் ஏறியது. இடம் மாற்றினார்கள். அங்கேயும் பலூன் சும்மா ஆடியது. தூரத்தில், தமிழ் ஓரளவு புரியும் மலாய்த் தூண்டில்காரர் ஜைலானி அண்ணனின் படகு நின்றது. படகுக்குப் படகு பேசும் வானொலியில் அவர் ஏற்கெனவே ஒரு மயில்மீனைப் பிடித்து விட்டுவிட்டதாகச் சொன்னதும் ரூபேந்திரனின் முகம் கறுத்தது.

“எங்கயோ தப்பு நடந்துருக்கு,” என்றான். படகை ஒரு சுற்றுப் பார்த்தான். முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. சாமி படத்தில் பூ இருந்தது. “யாராச்சும் பழம் கொண்டாந்தீங்களா?”

“என்ன பழம்?” என்றான் மதிவாணன்.

குணாளனும் பிரவீனாவும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மதி,” என்றாள் பிரவீனா மெல்ல. “நீ ஒண்ணும் எடுத்துட்டு வரலதானே?”

மதிவாணன் அந்தப் படகில் வந்தது அது இரண்டாம் தடவை. படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கடிக்காது என்று உலகத்திலுள்ள தூண்டில்காரர்களெல்லாம் நம்புகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. வாழைப்பழம் இல்லாமல் ஒரு நல்ல காரியம் தொடங்க முடியும் என்பதும் தெரியாது. முதல்நாள் மாலை தம்போய்க் கோயிலில் மனைவி பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து, தட்டில் வந்த இரண்டு பழங்களைத் தாளில் சுற்றி அவள் பையின் ஓரத்தில் செருகியிருந்தான்.

“கோயில் பழம்தான்,” என்றான் அவன். “பிரசாதம்.”

“அலமாக்!” ரூபேந்திரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “படகுக்குப் பூசை போட்டப்பவே பூசாரிகிட்ட ஆப்பிள குடுத்தவன் நான். ‘பழம் எங்கப்பா’ன்னு அந்த மனுசன் என்னை ஏற எறங்கப் பாத்தாரு. இப்ப நீ சாமி கொடுத்ததயே கொண்டாந்து வச்சிருக்க!”

“தூக்கிப் போட்டுருவோம்,” என்றான் குணாளன்.

“பிரசாதத்தயா? வெளங்குமாடா?”

“அப்ப வச்சிக்குவோம்.”

“படகுலயா? மீனு வருமாடா?”

சாமிக்கும் மீனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ரூபேந்திரன் திணறுவதைப் பார்த்துக் குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான். மதிவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடம் வாளி தூக்கியவளின் நாளைத் தான் இரண்டு பழத்தால் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தான்.

பிரவீனா எழுந்தாள். பையிலிருந்து தாளைப் பிரித்தாள். வெயிலில் கன்னிப்போயிருந்த இரண்டு பழங்களையும் ஒவ்வொன்றாக உரித்து, அவசரமில்லாமல் தின்று முடித்தாள். தோலைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“என் பேருல பண்ண அர்ச்சனை. நான் சாப்பிட்டேன். இப்ப படகுல பழம் இருக்காண்ணே?”

ரூபேந்திரன் யோசித்தான். “உன் வயித்துல இருக்கு.”

“அப்ப என்னைத் தூக்கிப் போடுங்க.”

மதிவாணன் அவளையே பார்த்தான். கோபமாக ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளோ புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு தூண்டில்கோலுக்குத் திரும்பிவிட்டாள்.

சாமி ஜெயித்ததோ, பழம் தோற்றதோ, உச்சிப்பொழுதில் பலூன் காணாமல் போனது.

ரீல் கிறீச்சிட்டது. நூல் புகைபோல ஓடியது. பிரவீனா பதறவில்லை. மீன் இரையை விழுங்கித் திரும்பட்டும் என்று விட்டுக்கொடுத்துக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் அவள் கண் இமைக்கவில்லை. பிறகு ரீலை இறுக்கினாள். கோல் வில்லாக வளைந்தது. தூரத்தில் கடல் பிளந்து, நீலமும் வெள்ளியுமாக ஒன்று எழுந்து நின்றது. முதுகின் பாய் முழுதாக விரிந்திருந்தது. வாலை மட்டும் நீரில் ஊன்றி, தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு அது கடல்மேல் நடந்தது.

“லாயாரான்!” ரூபேந்திரன் கத்தினான். “தங்கச்சி, லாயாரான்!”

“தெரியுதுண்ணே. படகத் திருப்புங்க.”

அதன்பின் அவள் அதிகம் பேசவில்லை. இடுப்புப் பட்டையில் கோலின் அடியை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பாள். முன்னால் குனியும்போது கிடைக்கிற நூலைச் சுற்றிக்கொள்வாள். கொஞ்சம் சேர்ப்பாள், மீன் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டு ஓடும். மறுபடி சேர்ப்பாள். அவள் தோளைத் தோளாக நினைத்து இழுக்கவில்லை. கால், இடுப்பு, முதுகு எல்லாவற்றையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, நொந்த தோளைக் கடைசிப் பிள்ளைபோலக் காப்பாற்றி வைத்திருந்தாள். அந்தச் சூட்சுமத்தைப் பார்க்கப் பார்க்க மதிவாணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் இதுதானா!

“மச்சான், உன் பொண்டாட்டி ஆளு இல்ல லா,” என்றான் குணாளன், குரல் கம்மி. “கிரேன்.”

நேரம் போகப் போக மீன் துள்ளுவதை நிறுத்தியது. ஆழத்துக்கு இறங்கியது. நூல் படகுக்கு நேர் கீழே கத்திபோல நின்றது. பிரவீனா வலது முழங்கையை விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மதிவாணன் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“விடாத தங்கச்சி. இன்னும் கொஞ்சம்தான்,” என்றான் ரூபேந்திரன். “மெதுவா இழு. நேரம் நெறய இருக்கு.”

“நேரம் இல்லண்ணே,” என்றாள் அவள். நூலின்மேல் பார்வை வைத்து, காது கொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். “அது இழுக்கல இப்ப. வெறும் கனம். கீழயே செத்துக்கிட்டு இருக்கு.”

ஓடி ஓடி ஓய்ந்த மயில்மீன் ஆழத்தில் மூச்சுமுட்டிச் செத்துப்போவதுண்டு என்பது ரூபேந்திரனுக்கும் தெரியும். அவள் போக்கில் அங்குலம் அங்குலமாகச் சுற்றினால் மீன் வரும். அவளுடைய மீனாகவே வரும். பிணமாக வரும்.

பிரவீனா ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தாள்.

“மதி, வா. வந்து புடி.”

எந்த வார்த்தைக்காக அவன் கைகள் காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தனவோ, அது வந்தபோது அவனால் எழ முடியவில்லை.

“வேணாம் பிரவீ. இவ்வளவு தூரம் வந்துட்ட. உன்னால முடியும்.”

“என்னால முடியும்,” என்றாள். “அதால முடியாது. சீக்கிரம் வா.”

அவன் எழுந்து போனான். அவள் பட்டையைக் கழற்றி அவன் இடுப்பில் மாட்டி, கோலை அவன் கைக்குள் திணித்தாள். கோலின் பிடி சுட்டது. அத்தனை நேரம் அவள் பற்றியிருந்த சூடு அது. மீனின் கனம் கைக்கு வந்ததும் அவனுக்கு வயிற்றில் குத்தியதுபோல இருந்தது. லாரிச் சக்கரம் புரட்டும் தனக்கே இப்படியென்றால்! அவள் சொன்னபடி சாய்ந்தான், குனிந்தான், சுற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கீழே மங்கலாக ஒரு பழுப்பு நிழல் தெரிந்தது. அது பக்கவாட்டில் சரிந்தபடி மேலே வந்தது.

பிரவீனா அதற்குள் கையுறை மாட்டிக்கொண்டு படகின் ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். குணாளன் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டான். அவள் மீனின் மூக்கைப் பற்றி, தலையை நீருக்குள் நேராக நிறுத்தினாள். வலது கையால்தான் பிடித்திருந்தாள்.

“அண்ணே, மெதுவா முன்னால போங்க. தண்ணி அது வாய்க்குள்ள போகணும்.”

படகு நடைவேகத்தில் நகர்ந்தது. மீன் கட்டைபோலக் கூடவே வந்தது. குணாளன் ஒரு கையை மட்டும் விடுவித்துக் கைப்பேசியை எடுத்தான். “ஒரே ஒரு படம், தூக்கிக் காட்டு பிரவீ.” அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அவன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டான். மதிவாணன் மீனைப் பார்க்கவில்லை, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து ஒட்டியதில் தோளில் தகடு வைத்த தழும்பின் கோடு தெரிந்தது. அது துடித்துக்கொண்டிருந்தது.

“செவுள் அசையுது,” என்றாள் அவள்.

முதலில் ஒரு நீலக் கோடு. பிறகு பக்கவாட்டில் வரிசை வரிசையாக நீலம், யாரோ உள்ளே விளக்குப் போட்டதுபோல. பழுப்பெல்லாம் கழுவிப்போனது. முதுகின் பாய் பாதி எழுந்து அவள் முழங்கையைத் தொட்டது. வால் ஒருமுறை அடித்தது. அவள் முள்ளைக் கழற்றி, கையைத் திறந்தாள். மீன் போவது தெரியவில்லை. இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

குணாளன் போட்ட கூச்சலில் தூரத்துப் படகே திரும்பிப் பார்த்திருக்கும். ரூபேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உப்புத் தண்ணி” என்றான்.

“இது கணக்குதான் லா,” என்றான் குணாளன். “இவ்வளவு இழுத்தது அவதானே? இங்க யாரு பாத்தா?”

ரூபேந்திரனுக்கும் அப்படிச் சொல்லிவிட ஆசைதான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

“கை பட்டுச்சு,” என்றாள் பிரவீனா, படகின் தரையில் மல்லாந்து கிடந்தபடி. “கணக்குல வராது. அவ்ளோதான்.” வருத்தம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. மதிவாணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயருகே பிடித்தான். அவள் கை எழவில்லை.

வானொலி கரகரத்தது. ஜைலானி அண்ணன்.

“ஹோய் ரூபேன்! டாப்பாட்?” கிடைத்ததா என்று கேட்டார்.

“டாப்பாட். சுடா லெபாஸ்.” கிடைத்தது, விட்டாச்சு என்றான் ரூபேந்திரன்.

“சியாப்பா பூஞா?” யாருடையது?

ரூபேந்திரன் திரும்பிப் பிரவீனாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், பொய் சொல்லக்கூடாது என்று. அவன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனான்.

“டுவா ஓராங்,” என்றான். “லாக்கி பீனி.” இரண்டு பேர். புருசன் பெண்டாட்டி.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “ஈத்து தாக் கீரா லா!” அது கணக்கில் வராதே!

“தாவூ!” தெரியும் என்று தரையில் கிடந்தபடியே பிரவீனா கத்தினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, “அந்த மைக்க இங்க கொண்டா” என்றாள்.

மதிவாணன் சுருள்வயரை இழுத்துக்கொண்டு வந்து ஒலிவாங்கியை அவள் வாயருகே பிடித்தான். அவள் ஒரு மூச்சு இழுத்தாள்.

“பாங்,” என்று மலாயில் அண்ணனை அழைத்து, “மார்ச்சுல வர்றேன்,” என்றாள் அவருக்கும் புரியும் தமிழில். “அப்ப இவன வீட்டுல விட்டுட்டு வர்றேன்.”