எழில்மொழி விழுந்த வளைவு

1

இந்தக் கதையை என்னை எழுத வைத்தது நீடாமங்கலம் டீக்கடையில் காதில் விழுந்த ஒரு பேச்சு. "ரேசுக்குப் போற புள்ள. வேகமா போனா இப்படித்தான்." சொன்னவர் வடையை மென்றுகொண்டே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். (ஆறினால் நானும் நடுநிலையாக எதையாவது எழுதித் தொலைப்பேன்.)

2

முதல் தொடக்கம்: "வயல் வரப்பில் சைக்கிள் ஓட்டிப் பழகிய எழில்மொழி, இன்று…"

வேண்டாம். டெல்டாக்காரி என்றால் உடனே வரப்பா? அவள் பைக் பழகியது, தார் போட்டும் திறக்காமல் கிடந்த புறவழிச்சாலையில். கோயம்புத்தூரில் ஓட்டிய முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம். அப்புறம் ஜூனியர் பிரிவில் மூன்றாவது, இரண்டாவது. போன மாதம் சென்னையில் முதல். பதினேழு வயதில் புள்ளிக் கணக்கில் எல்லோருக்கும் மேலே இருந்தாள். கடைசிச் சுற்று வருகிற ஞாயிறு. ஜெயித்தால் ஓர் அணி அவளைச் சேர்த்துக்கொள்ளும். விட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஜூனியரில் அவளுக்கு இடமில்லை.

3

பெரியப்பா வீரையன். எழிலின் அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் அந்த வீட்டுக்கும் தானே தலை என்று நினைப்பவர். "பொட்டப்புள்ளைக்கு என்ன பைக்கு?" என்று இரண்டு வருடம் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. சென்னையில் அவள் ஜெயித்ததும் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் அவர் படம் பெரிது. அவள் படம் சின்னது, ஹெல்மெட்டோடு.*

இவரை வில்லனாக எழுத ஆசைதான். முடியவில்லை. மனசாரப் பூரித்துப்போயிருந்தார், அதுதான் எரிகிறது. "ஊர்க்கண்ணெல்லாம் எம்பொண்ணு மேலதான்" என்று, கடைசிச் சுற்று நெருங்கியதும், அவள் தலையைச் சுற்றி முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தார். குங்குமம் கலந்த சதையும் விதையும் முச்சந்தி வளைவு முழுக்கச் சிதறின. யாரும் அள்ளவில்லை. திருஷ்டி கழித்ததைத் தொடக்கூடாதாம்.

* அது அவளே இல்லை. அச்சடித்தவர் இணையத்தில் எடுத்த யாரோ. முகம் தெரியாததால் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

4

மறுநாள் காலை அம்மாவின் ஸ்கூட்டியில் பால் வாங்கப் போனாள். அந்த வளைவில் சக்கரம் ஒரு கணம்…

அழகாக எழுத எனக்குப் பிடிக்கவில்லை. வழுக்கி விழுந்தாள். தோளருகே காறை எலும்பு முறிந்தது. களத்தில் நூற்றைம்பதில் பறக்கிறவள், மாட்டுவண்டி வேகத்தில் போய் விழுந்தாள். ஊர் வேகத்தைக் குற்றம் சொல்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. இப்போது பார்த்தும்விட்டேன்.

5

முடிவு ஒன்று: வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஞாயிறன்று ஜெயிக்கிறாள்.

பொய். களத்து டாக்டர் முதலில் அந்த எலும்பைத்தான் அழுத்திப் பார்ப்பார்.

முடிவு இரண்டு: பெரியப்பா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறார்.

கேட்கவில்லை. நான் பார்க்கப் போனபோது எழில் கையைக் கழுத்தோடு கட்டி உட்கார்ந்திருந்தாள். வீரையன் வந்தார். கையில் முன்னதைவிடப் பெரிய பூசணிக்காய்.

"பாத்தீங்களா தம்பி, எவ்வளவு பொல்லாத கண்ணு! அந்தக் காய் பத்தல."

"நான் விழுந்ததே அதுலதான் பெரியப்பா."

"அதத்தான் நானும் சொல்றேன் கண்ணு. பத்தல."

சூடம் ஏற்றிச் சுற்றிவிட்டு முச்சந்திக்கு நடந்தார். எழில் என் பக்கம் திரும்பினாள்.

"என்னைய வச்சுக் கதை எழுதுறீங்களாமே மாமா? அதுக்கு முன்னாடி போயி அந்தக் காய வாங்குங்க."

6

ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன். "தம்பி, தொட்டா ஒங்களுக்கு ஒட்டிக்கும்!" என்று கத்துகிறார் வீரையன். கூட்டம் விலகி நிற்கிறது. டீக்கடையில் வடை மென்றவரும் நிற்கிறார். ஸ்கூல் வேன் இந்த வளைவில்தான் திரும்பும்.

எழிலின் ஞாயிற்றுக்கிழமையை என்னால் திருப்பித் தர முடியாது. அதனால் முடிவு என்று எதையும் எழுதப்போவதில்லை. வாசகரே, கூட்டத்தில் நீங்களும்தான் நிற்கிறீர்கள். இந்தாருங்கள், பிடியுங்கள். சூடம் இன்னும் எரிகிறது, கை சுடும். எங்கே போடப்போகிறீர்கள்?