மணியம்மாளின் நண்டு

மணியம்மாள் கொண்டுவந்த நண்டு இளவழகன் பேரில், அதுவும் இறாலாக, பில்லில் அச்சாகி வந்தபோது பழவேற்காட்டு மீன் கடையில் முதலில் சிரித்தவன் நான்தான். அந்த பில் போடும் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தது என் மனைவி சோபியா என்பது அடுத்த நொடி உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஞானதாஸ், பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சோபியா வீட்டில் உட்கார்ந்து, இப்போது யாரும் சீந்தாத ஒரு பழைய மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். என்ன புரோகிராம் என்று பயணிகள் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுவேன். கடையின் பில் திரை முழுக்க விஷுவல் கிளாஸ் லைப்ரரி என்ற ஒரு ஃபைலுக்குள் அடைந்து கிடக்கிறது. எண் அடிக்கிற பெட்டிகளை மவுஸால் இழுத்து வைக்கலாம், கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். ஆனால் உள்ளே எது கெட்டது என்று வாசித்துப் பார்க்க முடியாது. சோபியாவின் புரோகிராம் அந்தக் கிளாஸ்களை, அதாவது திரைத் துண்டுகளை, வரிவரியாக வாசிக்கக்கூடிய கோட் ஃபைலாக்கும். திருத்திய பிறகு அதையே திரும்பவும் திரையாக்கும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் திருப்பாலைவனம் வந்துவிடும். சிலர் தங்கள் ஊருக்கு முன்பே அங்கே இறங்கிவிடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"இன்னிக்கு ஓடுச்சினா நம்ம எல்லாக் கடைக்கும் நீதாம்மா. இல்லனா மெட்ராஸ்லருந்து புதுசு வாங்கிக்கிறேன்" என்று கடை முதலாளி வேணு காலையிலேயே சோபியாவிடம் சொல்லியிருந்தார். அதற்காகவே சோபியா பழைய திரையையும் மாற்றிய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாள். இம்மியும் வித்தியாசமில்லை. சோதனை அதிகாரி நான். ஒற்றை விரலோடு, பெட்டி பெட்டியாக மவுஸால் தொட்டுத் தட்டிப் பார்த்து, "சூப்பர்" என்று சான்றிதழே கொடுத்துவிட்டேன்.

"ஏ வளர்மதி, என் நண்ட அவன் பேர்ல எழுதிட்டியே, நான் இன்னா அவனுக்குச் சீரா குடுத்தேன்?" என்றாள் மணியம்மாள்.

"எப்பவும் போலத்தான்கா அடிச்சேன்!" பில் போடும் வளர்மதிக்கு அழுகையே வந்துவிட்டது. மொத்தத் தொகை மட்டும் சரியாக இருந்ததுதான் எல்லோரையும் இன்னும் குழப்பியது.

வேணு கையை உதறினார். "பழசையே போட்டுட்டுக் கெளம்புமா."

சோபியா கிளம்பவில்லை. "மதி, அதே பில்ல இன்னொரு வாட்டி அடி. நான் நிக்கிறேன்னு நெனைக்காத."

வளர்மதி அடித்தாள். ஆள் எண், மீன் எண், எடை, விலை; ஒவ்வொன்றுக்கும் ஒரு என்டர். கண் எடை மிஷினை விட்டு நகரவில்லை. திரையை அவள் பார்க்கவே இல்லை.

"பொட்டிங்கல்லாம் எடத்துலதான் கீது" என்றாள் சோபியா. "என்டர் தட்டினா போற வரிசைதான் மாறிடுச்சு. என் புரோகிராம் அதுங்கள ஏபிசிடி வரிசைல அடுக்கிடுச்சு."

ஆள் எண் மீன் பெட்டியில் விழுந்திருந்தது, மீன் எண் ஆள் பெட்டியில். நண்டின் எண்தான் இளவழகனுக்கும், மணியம்மாளின் எண்தான் இறாலுக்கும். எடையும் விலையும் அதே மாதிரி இடம் மாறியிருந்தன. மாற்றிப் பெருக்கினாலும் தொகை ஒன்றுதானே.

"நான் டெஸ்ட் பண்ணப்ப நல்லாத்தானே இருந்துது?"

"நீங்க மவுஸப் புடிச்சிங்க."

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்புதான்.

"வேணு அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் சோபியா, இறால் விலை சொல்வதுபோல. கோட் ஃபைலைத் திறந்தாள். கிளாஸ் பழையபடி மூடியே கிடந்திருந்தால் எங்கே கை வைப்பது? இங்கே நான்கு பெட்டிகளும் வரிகளாக, பேரோடு, கண்ணெதிரே நின்றன. என்டர் போகிற பழைய வரிசையையும் கூடவே எடுத்துப்போகும்படி தன் புரோகிராமைத் திருத்தி, கிளாஸை மறுபடி திரையாக்கினாள். அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர்களிடம், யாரும் கேட்காமலே, "என் வீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேணு டீ கிளாஸோடு வந்து வாசலிலேயே நின்றார். அடுத்த கூடை எடை மிஷினில் ஏறியது. வளர்மதியின் கண் அதிலேயே இருக்க, விரல்கள் தாமாக ஓடின. சோபியாவும் திரையைப் பார்க்கவில்லை; அந்த விரல்களையே பார்த்தாள். ஒவ்வொரு என்டருக்கும், ஆள், மீன், எடை, விலை என்று எண்ணுவதுபோல, புடவை மடிப்பில் அவளுடைய சுண்டுவிரல் ஒரு தட்டு தட்டியது. வெளியே என் ஆட்டோ ஹாரனைக் காத்திருந்த பயணிகள் யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.